விதைப் பொடியும் நெசவாளரின் கால் புண்ணும்: குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர். வயது 57. சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்து 11 வருஷம் ஆகிறது. வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தார். அதற்கு ஐந்து மாதம் முன்பே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். விதைகளை அரைத்த ஒரு பொடியை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் பகுதியில் எந்தப் பொதுநல மருத்துவரைக் கேட்டாலும் இதே போன்ற ஒருவரைப் பற்றிச் சொல்வார். விதைப் பொடி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. இவர் விஷயத்தில் பொடி எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை, அதற்கு இடம் கொடுக்க எது தூக்கி எறியப்பட்டது என்பதைத்தான் அளவுகளோடு எடுத்துவைக்கிறேன்.

வந்த நிலை

நிறுத்தும் வரை அவர் சாப்பிட்டு வந்தவை மூன்று: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. அப்போது எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில், புரதம் ஒழுகுவதைக் காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 72 என்று வந்திருக்கிறது. 30-க்குள் இருக்க வேண்டியது அது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2. "கிட்னியில உப்பு ஏற ஆரம்பிச்சிருக்கு" என்று யாரோ அவரிடம் சொல்ல, ஆள் நடுங்கிப்போய்விட்டார். தெருவில் டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்த ஒருவர் அந்தச் சமயத்தில் இறந்தும் போயிருக்கிறார். "இத்தனை வருஷம் மாத்திரை சாப்பிட்டதுதான் கிட்னியைக் கெடுத்துச்சு" என்பது ஊர்ப் பேச்சு.

வாரச்சந்தையில் பொடி விற்றவர் மூன்று விஷயம் சொன்னாராம். சுகர் இறங்கும், கிட்னியைக் காப்பாற்றும், கால் மதமதப்பு போகும். மூன்றுமே இவருக்கு இருந்த பயங்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற நாங்கள் யாரும் அந்த மூன்றையும் ஒரே மூச்சில் அவரிடம் பேசியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காலையும் மாலையும் வெறும் வயிற்றில் வெந்நீரில் ஒரு ஸ்பூன். கூடவே ராத்திரிச் சோற்றையும் விட்டுவிட்டு, கேழ்வரகுக் கஞ்சி மட்டும் குடித்திருக்கிறார். மருமகன் வீட்டு குளுக்கோமீட்டரில் காலையில் பார்த்தால் 130, 138, 145. ஒரு சின்ன டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். எல்லாமே வெறும் வயிற்று அளவு. சாப்பிட்ட பிறகு எடுத்தது ஒன்றுகூட இல்லை.

"சக்கரைதான் எறங்கிடுச்சே டாக்டரம்மா, அப்புறம் இன்னாத்துக்கு மாத்திரை?"

அவர் மனைவி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் கொட்டினார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாத்திரை அட்டைகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. கொண்டுவருகிற பெண் மனம் கோணக் கூடாது என்று வாங்கி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அன்றைய அளவுகள்: வெறும் வயிற்றில் 148. காலை டிபனுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 9.4. ரத்த அழுத்தம் 164/94. கிரியாட்டினின் 1.4. சிறுநீரக வேலைத்திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 70 அளவில் இருந்தது, 58-க்கு இறங்கியிருந்தது. சிறுநீர் ஆல்புமின் விகிதம் 420. புண்ணில் சீழ் இருந்ததால், அந்தத் தொற்றும் இந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். அதனால் தொற்று அடங்கியதும் மறுபடி எடுத்தோம். அப்போதும் 340.

அதாவது, டைரியில் இருந்த ஒரே ஓர் எண் ஓரளவு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் மோசமாகியிருந்தது. அந்த ஓர் எண்ணுக்கான பெருமையிலும் ஒரு பங்கு, ராத்திரிச் சோற்றை விட்டதற்குப் போக வேண்டும். பொடிக்கு எவ்வளவு பங்கு என்பதை இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்த பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் கால்

குழித்தறி நெசவு. காலால் மிதிக்கும் கட்டையைப் பெருவிரலும் அதன் அடி மேடும்தான் நாள் முழுக்க அழுத்துகின்றன. முப்பது வருஷ மிதியில் அந்த இடத்தில் காய்ப்பு ஏறிக் கெட்டியாகியிருந்தது. பார்ப்பதற்கு மஞ்சள் நிறத்தில், ஓரம் வெடித்து, வெறும் காய்ப்பு போலத்தான் இருந்தது. நடுவில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. பிளேடால் மேல் தோலைச் சீவியதும் உள்ளே ஒரு செ.மீ. அகலத்துக்குக் குழி. ஈரம் கசிந்தது. நான் சீவும்போது அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு மகள் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலி என்பதே இல்லை.

10 கிராம் நைலான் இழையை வைத்துப் பார்த்தேன். தோலில் நிறுத்தி அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும்படி செய்த இழை அது. பெருவிரல் நுனி, பெருவிரல் மேடு, நடுவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு என்று நான்கு இடத்தில் தொட்டால் இரண்டு காலிலும் ஓர் இடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை. பாதத்து நாடித் துடிப்பு நன்றாக இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு பாதிக்கப்படவில்லை. கண்ணில் விழித்திரைக் கோளாறு ஆரம்ப நிலையில் இருந்தது.

ரத்த ஓட்டம் சரியாக இருக்கிற, எலும்பு வரை போகாத புண். ஆறக்கூடிய புண். அழுத்தத்தை எடுத்தால் மட்டும்.

பொடிக்குள் இருந்தது

பேப்பர் லேபிள் இல்லாத பாலித்தீன் கவர். பழுப்பு நிறம். பிரித்ததும் கருஞ்சீரக வாசனை தூக்கலாக வந்தது, அதற்குப் பின்னால் வெந்தயக் கசப்பு. துளி எடுத்து நாக்கில் வைத்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. அது நாவல் கொட்டை. அடியில் ஈரம் கோத்துச் சின்னச் சின்னக் கட்டிகள். நாவல் கொட்டை, வெந்தயம், கருஞ்சீரகம், தேற்றான் கொட்டை, இன்னும் ஒன்று இருக்கிறது, அது தொழில் ரகசியம் என்று விற்றவர் சொன்னாராம்.

எனக்குக் கவலை தந்தது முதல் நான்கும் அல்ல, அந்த ஐந்தாவதுதான். உலகத்தின் பல நாடுகளில் சர்க்கரைக்கான மூலிகைப் பொடிகளைச் சோதித்தபோது, உள்ளே சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்து மாத்திரைகளை அரைத்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. சிறுநீரகம் பழுதான ஆளின் உடம்பில் கிளிபென்கிளமைடு எளிதில் வெளியேறாது. சர்க்கரை விழுந்தால் எழவே மணிக்கணக்கில் ஆகும். தேற்றான் கொட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதுவும் விஷக் கொட்டையான எட்டியும் ஒரே குடும்பம். முழுக் கொட்டையாகப் பார்த்தால் தேற்றான் உருண்டை, எட்டி தட்டை, குழம்ப வழியில்லை. அரைத்த பிறகு யார் கண்டது?

இந்தக் கவரை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். என்னைவிட அவருக்குத்தான் அதிகக் கோபம் வந்தது. சித்தத்தில் ஒவ்வொரு சரக்கையும் சுத்தி செய்யும் (நச்சு நீக்கும்) முறை இருக்கிறது, மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம் இருக்கிறது, பத்தியம் இருக்கிறது, நோயாளியைப் பார்த்துத்தான் அளவு, இது எதுவுமே இல்லாமல் கவரில் போட்டு விற்பதற்குச் சித்த மருத்துவம் என்று பேர் வைத்தால் நாங்கள் எங்கே போவது என்றார். பழைய சித்த நூல்கள் மதுமேகம் என்ற சர்க்கரை நோய்க்குப் பத்து அவத்தைகள், அதாவது நிலைகள், சொல்கின்றன, பிளவை என்ற சீழ்க்கட்டியையும் அதில் வைத்திருக்கின்றன. சர்க்கரை நோய் சிறுநீரில் இனிப்போடு நின்றுவிடாது, பின்விளைவுகளைக் கொண்டுவரும் என்பதைக் கண்டு எழுதியவர்கள் அவர்கள். சந்தைக் கவரை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. எந்த மருத்துவ முறையாக இருந்தாலும் அந்தத் தடை பொருந்தும்.

விதைகளில் உண்மையிலேயே என்ன இருக்கிறது

இருக்கிறது. ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வெந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் முக்கிய வேலை செய்கிறது. குடலில் சோற்றோடு கலந்து, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதை முறையாகச் சோதித்தார்கள். 1990இல் வெளியான ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது. கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 100 கிராம். நம் நெசவாளர் சாப்பிட்டதோ காலையும் மாலையும் வெறும் வயிற்றில், வெந்தயமும் ஒரு சரக்காகக் கலந்த ஒரு ஸ்பூன். அளவும் ஒட்டவில்லை, நேரமும் ஒட்டவில்லை. டிபனுக்குப் பிறகு 312 வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கருஞ்சீரகத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. சவூதி அரேபியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் ஒரு நாளைக்கு 2 கிராம் கருஞ்சீரகம் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்று அளவும் ஹெச்.பி.ஏ.1.சி.யும் குறைந்தன. சிறுநீரகத்தையே குறிவைத்து அலிகாரில் ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கருஞ்சீரக எண்ணெய் 12 வாரம் கொடுத்ததில் சில அளவுகள் மேம்பட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனால் மதிக்க வேண்டிய ஆய்வு. இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். யாருடைய மாத்திரையையும் நிறுத்தவில்லை. வழக்கமான சிகிச்சை நடந்துகொண்டிருக்க, அதற்கு மேல்தான் கருஞ்சீரகம் சேர்க்கப்பட்டது. சந்தைக்கு வந்து சேரும்போது இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

நாவல் கதை வேறு. ஆனி, ஆடியில் தள்ளுவண்டி நிறைய வரும் பழம். கொட்டையைக் காயவைத்துத் தோல் உரித்து அரைப்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். இன்சுலின் 1921இல் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் ஐரோப்பாவில்கூட நாவல் கொட்டையைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். பிரேசிலில் நாவல் இலையைத் தேநீராகக் குடிக்கும் வழக்கம் பரவியபோது அங்கிருந்த மருத்துவர்கள் அதை முறையாகச் சோதித்தார்கள். கிளிபென்கிளமைடு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது. நாவல் இலைத் தேநீர் குடித்தவர்களுக்கு இறங்கவில்லை. அது இலை, கொட்டை அல்ல. கொட்டையை அந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. கொட்டையில் எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம், டானின் என்று ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைய. சர்க்கரை அதிகமாகும்போது நரம்பிலும் விழித்திரையிலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் நடக்கும் சேதத்தில் இந்த ஆக்சிஜனேற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் ஆய்வகங்கள் நாவல் கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்த ஆய்வகக் கதையை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். நாளிதழில் 'சர்க்கரை நோய்ப் பாதிப்புக்கு விதைச் சாறு தீர்வு' என்று செய்தி வந்தால் பெரும்பாலும் அது எலியில் நடந்தது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஊசி போட்டு எலியின் கணையச் செல்களைச் சில நாளில் அழிக்கிறார்கள். அப்புறம் சில வாரம் சாறு கொடுத்துவிட்டு, சிறுநீரகத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மனிதனுக்கு அந்தப் பாதிப்பு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். ரத்த அழுத்தம், புகை, உப்பு எல்லாம் சேர்ந்து வரவழைப்பது அது.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. சாறு கொடுத்தார்கள் என்றால், மனிதனுக்கு மாற்றும்போது ஏறக்குறைய 6-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 2 கிராம் சாறு. சாறு என்றால் பொடி அல்ல, பொடியை ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடித்து வற்றவைத்தது. 100 கிராம் பொடிக்கு 10 கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் தினமும் 20 கிராம் பொடி. ஸ்பூனில் அள்ளிப் போடுகிற கலவையில் நாவல் கொட்டை ஒரு கிராம் இருக்குமா? ஆல்கஹாலில் இறங்கும் சத்து வெந்நீரில் இறங்குமா? எலி ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. அது சோதித்த பொருளும் கவரில் இருந்த பொருளும் ஒன்றல்ல என்கிறேன்.

எது தூக்கி எறியப்பட்டது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்று நம்பி அவர் நிறுத்திய மூன்றில் ஒன்று, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே கொடுத்த மாத்திரை.

டெல்மிசார்டன் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கிறது. அதனால் புரதம் ஒழுகுவது குறைகிறது. இதே வகையைச் சேர்ந்த லோசார்டன், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகிறது என்பது 2001லேயே பெரிய ஆய்வில் நிரூபணமானது. ஆனால் இவர் கையில் இருந்த சீட்டில் அதற்கு நேரே 'பி.பி.' என்று மட்டும் எழுதியிருந்தது. தலை சுற்றல் இல்லை, பி.பி. இல்லை என்று முடிவுகட்டி அதையும் நிறுத்திவிட்டார். விகிதம் 72-லிருந்து 340-க்குப் போனதற்கு, சர்க்கரை ஏறியதும் ஒரு காரணம், டெல்மிசார்டன் நின்றுபோனதும் ஒரு காரணம்.

மூலிகையிலிருந்து சிறுநீரகத்துக்கு மருந்து வருமா என்று கேட்டால், வந்தே விட்டது என்பேன். ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இல் ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது உடம்புக்குள் போனால் சர்க்கரை சிறுநீரில் வெளியேறும். ஆனால் வாய்வழி கொடுத்தால் குடல் ஏற்பதில்லை, வயிற்றுப்போக்கு வேறு. அதை மாற்றி மாற்றி அமைத்து, 2010-க்குப் பிறகுதான் கனாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்தன. 2019, 2020இல் வந்த பெரிய ஆய்வுகள் இவை சிறுநீரகச் சரிவை மெதுவாக்குகின்றன என்று காட்டின. 2020 கடைசியில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை சடாரென்று இறங்கியது. நெசவாளர் சாப்பிட்ட மெட்ஃபார்மினுக்கும் வேர் ஒரு செடிதான். ஐரோப்பாவில் வளரும் ஓர் அவரைக் குடும்பச் செடியில் இருந்த பொருளைப் பார்த்து உருவாக்கியது. 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார்.

"நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா" என்று நெசவாளர் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். ஆப்பிள் பட்டை மருந்தாக 180 வருஷம் எடுத்துக்கொண்டது. நாவல் கொட்டைக்கும் அந்த வழியில் நடக்கும் உரிமை இருக்கிறது. எந்தச் சத்து, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாளைக்கு, சிறுநீர் ஆல்புமின் குறைந்ததா, கால் உணர்ச்சி மாறியதா என்று மனிதர்களிடம் பார்க்க வேண்டும். வேலூரில் மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, பக்கத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. இங்கே அது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிகிச்சை

காலுக்கான பாடம் வேலூருக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் இங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் போகின்றன என்பதைக் கண்டு சொன்னார். மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு இங்கும் கரிகிரி தொழுநோய் மையத்திலும் வளர்ந்த வேலை. 1966இல் அவர் அமெரிக்கா போன பிறகு அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. மதமதப்புப் போக ஏதாவது கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: போன உணர்ச்சியைத் திருப்பித் தரும் பொடியோ மாத்திரையோ இன்றைக்குக் கிடையாது. உணர்ச்சி இல்லாத காலைப் புண்ணாகாமல் வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது.

காய்ப்பை முழுக்கச் சீவினேன். தொற்றுக்கு மருந்து கொடுத்தேன். புண் ஆறும் வரை ராத்திரியில் இன்சுலின். பெருவிரல் மேட்டில் எடை விழாதபடி பாதத்துக்குக் கட்டு. தறியில் ஏறக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. மாத்திரை, ஊசி எதற்கும் அவ்வளவு யோசிக்கவில்லை. தறி நின்றால் வாரக் கூலி நின்றுவிடும், தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடியாமல் கிடந்தால் நூல் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் தம்பி வந்து தறியில் உட்கார்ந்தார், இவர் காலை நீட்டிக்கொண்டு ஊடைநூலுக்குத் தார் சுற்றினார். கூலி குறைந்தது. மகள் கல்யாணம் தள்ளிப்போனது. புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. இந்த இரண்டரை மாதத்தின் விலையை எந்த மருத்துவக் குறிப்பேட்டிலும் எழுத இடமில்லை.

டெல்மிசார்டனை முதல் நாளே திரும்ப ஆரம்பித்தோம். இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தோம். இந்த மருந்து தொடங்கும்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதத்துக்குள் ஏறினால் பயப்படத் தேவையில்லை என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் 'மாத்திரை கிட்னியைக் கெடுக்குது' என்ற பேச்சுக்கு நாமே அத்தாட்சி கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். மெட்ஃபார்மின் திரும்ப வந்தது. டாபாகிளிஃப்ளோசினைப் புண் ஆறிய பிறகே சேர்த்தேன். அந்தக் குடும்பத்து மருந்தான கனாகிளிஃப்ளோசினில் 2017இல் வந்த ஓர் ஆய்வு கால் இழப்பு பற்றி எச்சரித்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் திறந்த புண்ணோடு இருப்பவருக்கு அவசரப்பட எனக்கு மனமில்லை.

பொடியை நிறுத்தச் சொன்னேன். ஐந்தாவது சரக்கு தெரியாததுதான் காரணம் என்பதையும் சொன்னேன். வெந்தயத்தைச் சாம்பாரிலும் தோசை மாவிலும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஊறவைத்துச் சாப்பிடுவதானால் மாத்திரைக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், அந்த வழவழப்பு மாத்திரை உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தலாம் என்றேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்திருந்தால் இதைக்கூட யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது

ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.ஏ.1.சி. 7.5. ரத்த அழுத்தம் 132/80. சிறுநீர் ஆல்புமின் விகிதம் 160. கிரியாட்டினின் 1.4-லேயே நிற்கிறது. இறங்கவில்லை, ஏறவும் இல்லை. கால் உணர்ச்சி திரும்பவில்லை. நைலான் இழை இன்றும் அவருக்குத் தெரிவதில்லை.

தறிக்குத் திரும்பிவிட்டார். எம்.சி.ஆர். ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி மிதிகட்டையின் மேல் ஆணி தலை தெரியாமல் ஒட்டவைத்திருக்கிறார், அது அவருடைய யோசனை. விரல் நுனியில் அழுத்தாமல் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். ராத்திரி படுக்கும் முன் மனைவி டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் கண்ணை மூடிக்கொள்ள, மனைவி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை லேசாகத் தொட்டுக் கேட்கிறார். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆறு விரலில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தக் கால்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அர்த்தம். அவருக்கு ஆறுமே தெரிவதில்லை. கேட்பதை நிறுத்தவும் அந்த அம்மா தயாராக இல்லை.

ஆடி மாதத்தில் நாவல் கொட்டையைப் பற்றி மறுபடி கேட்டார். தானே காயவைத்து அரைத்ததுதான், வேறொன்றும் கலக்கவில்லை என்றார். சரி, பார்த்துவிடலாம் என்றேன். கிளிமிபிரைடு இப்போது சீட்டில் இல்லாததால் சர்க்கரை திடீரென்று விழும் பயமும் குறைவு. இரண்டு வாரம் பொடி இல்லாமல், அடுத்த இரண்டு வாரம் டிபனோடு 3 கிராம். மாத்திரை எதுவும் மாறவில்லை. தினமும் அதே இரண்டு இட்லி, சட்னி. வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலும் அளவு. வெறும் வயிற்று அளவில் மாற்றம் இல்லை. சாப்பிட்ட பிறகு எடுத்தது சராசரியில் 15 அளவு குறைந்திருந்தது. குளுக்கோமீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. ஆக, வேலை செய்தது என்று சொல்ல அந்தக் குறைவு போதாது, செய்யவில்லை என்று அடித்துச் சொல்லவும் போதாது. பிடித்திருந்தால் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் ஆல்புமினும் கிரியாட்டினினும் பார்க்கிறோம். பொடியை மறைக்காமல் டைரியில் எழுதுகிறார், சாப்பிட்ட பிறகு எடுத்த அளவும் இப்போது அதில் இருக்கிறது.

தறியில் உட்கார்ந்த தம்பிக்கும் சர்க்கரை இருக்கிறது, அவரும் அதே சந்தைப் பொடியைத்தான் சாப்பிடுகிறார் என்பது போன தடவை பேச்சுவாக்கில் தெரிந்தது. அடுத்த வாரம் காலைச் சிறுநீர், பொடிக் கவர், நிறுத்திய மாத்திரை அட்டைகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.